ஒன்றேகால் அங்குலம்

ஜூலை 21, ஞாயிறு

இன்று முனிவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். மழைக்காலம் முடியும் வரை எயில்மேட்டில்தான் இருப்பார். ஈரமண்ணில் நெளிகிற உயிர்கள் காலில் மிதிபடும் என்று எங்கள் சமண முனிவர்கள் இந்த நான்கு மாதமும் ஊர் விட்டு ஊர் நடப்பதில்லை. வந்தவாசிச் சாலையிலிருந்து மேளத்தோடு அழைத்து வந்தோம். கர்நாடகத்துக்காரர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. உடம்பில் ஒரு நூல் கிடையாது. கையில் மயில்தோகையும் கமண்டலமும் மட்டும்.

மாலையில் அவருடைய கொச்சைத் தமிழில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். "தினம் செஞ்ச தப்பை எழுதுங்க. உங்களைத் தெரியாத ஒருத்தர் படிச்சா புரியணும். அப்படி எழுதினா பொய் கம்மி ஆகும்." அதனால்தான் இந்த நோட்டு. தெரியாதவருக்காகச் சொல்கிறேன்: என் பெயர் சமுத்திரவிஜயன். வயது அறுபத்துமூன்று. நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் சங்கிலி பிடித்து அடுத்தவர் வரப்புகளை அளந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊர்ச் சமணக் கோயிலான ஜினாலயத்தின் சங்கச் செயலாளர். மனைவி அனந்தமதி. மகன் அகளங்கனுக்குச் செய்யாற்றில் தொழிற்சாலை வேலை. மருமகள் செண்பகவல்லி கோவில்பட்டிப் பெண், வந்தவாசியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். நம்மவர்கள் இல்லை, காதல் கல்யாணம். முதல் ஆறு மாதம் நான் அவளோடு பேசவில்லை. இப்போது பேசுகிறேன். அவள் போடுகிற காபி நன்றாக இருக்கும்.

நான்கு மாதத்துக்கு ஆளுக்கொரு பொருளை விட்டுவிடச் சொன்னார். நான் எழுந்து நின்று எல்லோரும் கேட்கும்படி பாகற்காயை விட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து அனந்தமதி சிரித்த சத்தம் கேட்டது. எனக்குப் பாகற்காய் தொண்டையில் இறங்காது என்பது முனிவருக்குத் தெரியாது.

வரவேற்பை முன்னிட்டு நேற்று குளியலறையில் ஒரு காரியம் செய்தேன். அது தப்பில் சேராது. எழுதவில்லை.

ஜூலை 24, புதன்

முனிவர் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவார். தண்ணீரும் அந்த ஒரு வேளைதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் ஜினாலயத்தை விட்டுக் கிளம்பும்போது மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொள்வார். இன்ன பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யார் நிற்கிறார்களோ அந்த வீட்டில்தான் உணவு என்று. அது என்ன என்பதை யாரிடமும் சொல்ல மாட்டார். நாங்கள் குளித்து, ஈரம் காய்ந்த சுத்த ஆடை கட்டி, வாசலில் தம்பதியாக ஏதாவது ஒன்றை ஏந்தி நிற்போம். பொருந்தினால் நிற்பார். பொருந்தாவிட்டால் தெருவைச் சுற்றிவிட்டுப் பட்டினியாகத் திரும்பிவிடுவார்.

எதைத் தூக்குவது என்று தெருவே மண்டையை உடைத்துக்கொள்கிறது. நான் இன்று தேங்காய். போய்விட்டார்.

ஜூலை 25

தேங்காயும் மாதுளையும். போய்விட்டார். சங்கத் தலைவர் தரணேந்திரன் வீட்டில் நின்றார். அவர் கையில் வெறும் வாழைப்பழம்.

ஜூலை 27

கரும்பு. ஐந்தடி. நிமிர்த்திப் பிடித்ததில் எனக்குத் தோள் வலி. போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தரணேந்திரன் வீட்டில் இது மூன்றாவது முறை. எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. கணக்குக்காகக் குறித்து வைக்கிறேன்.

செண்பகம் ஒரு மாத விடுப்பு போட்டிருக்கிறாள். உணவு சமைக்கிற அறைக்குள் அவள் போகலாமா என்று கேள்வி வந்தது. அவளே நேராக முனிவரிடம் போய்க் கேட்டாள். புலால், தேன், இரவுச் சாப்பாடு மூன்றையும் விடுவதாகச் சொன்னாள். அவர் மயில்தோகையைத் தூக்கி ஆசி கொடுத்துவிட்டார். கிணற்று நீரை இரட்டைத் துணியில் வடிகட்டவும், துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்றில் பதமாக இறக்கிவிடவும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். "லேப்ல இதத்தான மாமா செய்யுதோம். என்ன, அங்க திருப்பி விட மாட்டோம்" என்றாள். நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

நேற்று முனிவருக்கு உபவாசம். இன்று ஒன்பதரை மணிக்குத் தெருமுனையில் அவர் திரும்பும்போது என் கையிலிருந்த தேங்காய் நழுவிச் சாக்கடைக்கு உருண்டுவிட்டது. வெறும் கையோடு நின்றேன். செண்பகம் பின்னாலிருந்து தன் கையில் இருந்ததை என் கையில் திணித்தாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை. முனிவர் வந்தார், பார்த்தார், நின்றார்.

பதினேழு நாளில் நான் தூக்கிய தேங்காய், மாதுளை, கரும்பு, வெள்ளிக் கலசம் எதற்கும் நிற்காதவர், கறிவேப்பிலைக்கு நின்றார்! நான் மூன்று முறை வலம் வந்து, "நமோஸ்து சுவாமி. மனம் சுத்தம், சொல் சுத்தம், உடல் சுத்தம், உணவும் நீரும் சுத்தம். உள்ளே வாருங்கள்" என்று சொன்னேன். தெருவே பார்த்தது. தரணேந்திரன் வாழைப்பழத்தோடு பார்த்தார்.

உள்ளே முனிவர் நின்றபடி இரண்டு கைகளையும் கோத்து ஏந்தினார். அவர்களுக்குப் பாத்திரம் அதுதான். நான் முதல் பிடி சோறு வைத்தேன். அனந்தமதி இரண்டாவது. அகளங்கன் ஜன்னலுக்கு வெளியிலிருந்து போட்டோ எடுத்தான். எல்லோரும் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். போட்டோவில் முகம் சரியாகத் தெரியாதே என்று நான் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தலைத்துணியைத் தளர்த்தி மேலே தள்ளிக்கொண்டேன். மூன்றாவது பிடியை நான் வைத்தேன்.

முனிவர் கையைப் பார்த்தார். கையைப் பிரித்தார். சோறு தரையில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சோற்றில் ஒரு முடி.

முடியோ செத்த பூச்சியோ கையில் வந்தால் அன்றைய உணவு அத்தோடு சரி. ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. அதற்கு அந்தராயம் என்று பெயர். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. எழுந்து போய்விட்டார். அனந்தமதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தரையைத் துடைத்தது செண்பகம். துடைக்கும்போது ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

இன்று தெருவில் யாருக்கும் பொருந்தவில்லை. முனிவர் பட்டினியாகத் திரும்பினார். ஜினாலயப் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் எதிரில்தான் இருந்தேன். வேறு வேலை இருப்பது போல் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். நடு அறையிலேயே உட்கார்ந்து, செண்பகத்தின் காதில் விழும்படி பேசினார்கள். "அவ்ளோ நீள முடிய வெச்சிக்கினு உள்ள வுட்டா இன்னா ஆவும்?" என்றாள் தரணேந்திரன் மனைவி. "நான் அப்பவே சொன்னேங்க, இன்னும் கெட்டியா கட்டுடின்னு. கேட்டாதானே" என்றாள் அனந்தமதி. அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

செண்பகம் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

முடி என்பது முடி. யாருடையது என்று தலைக்குத் தலை அளக்கவா முடியும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முனிவர் தரணேந்திரன் வீட்டில் உணவு எடுத்தார். இரண்டு பிடிச் சோற்றை விட்டுவிட்டால் நான்கு நாளைக்குப் பிறகு முதல் தண்ணீர்.

எண்ணெய்க் குளியல். வெளியே வந்ததும் அனந்தமதி, "ரெண்டு மணி நேரமா எண்ணெ தேச்சீங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சங்கக் கூட்டம். தரணேந்திரன் குரலை உயர்த்தவில்லை. "யாரையும் கொற சொல்லல, சர்வேயரே. பழக்கம் இல்லாத பொண்ணு. இனிமே நம்ம வழியில பொறந்தவங்க மட்டும் சமையல் ரூமுக்குள்ள போகட்டும். ஜினாலயத்துப் பூசைச் சமையலுக்கும் அதேதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் மூன்று. செயலாளர் என்ற முறையில் நோட்டில் எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். இன்றும் அழகாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 14

சரி. என்னைத் தெரியாத ஒருவர் படிக்கட்டும்.

அந்த முடியை நான் பார்த்தேன். நீளம் ஒன்றேகால் அங்குலம். செண்பகத்தின் முடி இடுப்புக்குக் கீழே வரும். அந்த முடி முக்கால்வாசிக்கு மேல் கன்னங்கரேல் என்று இருந்தது, அடியில் கால் அங்குலம் வெள்ளை. இந்த வீட்டில், இந்தத் தெருவில், அடி வெளுத்து நுனி கறுத்த முடி ஒரு தலையில்தான் முளைக்கிறது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் பதினோரு வருடமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாக்கெட் வாங்கி, பட்டா நகல்கள் வைத்த பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துச் சாயம் அடிக்கிறான். யாருக்கும் தெரியாது.

வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டவனை எல்லாம் பஞ்சாயத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

செண்பகம் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. சங்கம் சொன்னது முனிவருக்குச் சமைப்பதைப் பற்றி. இவள் மொத்த அடுப்படியையும் விட்டுவிட்டாள். விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போகிறாள். காபி அனந்தமதி போடுகிறாள். குடிக்கிறேன். தண்டனை என்று எடுத்துக்கொண்டால் குடிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முனிவரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். போகிற வழியில் அது ஒரு பொதுவான சந்தேகமாக மாறிவிட்டது.

"சுவாமி, ஒரு இல்லறத்தானால உங்க சாப்பாடு தடைபட்டா அந்த வினை யாரைச் சேரும்?"

"என் சாப்பாடு தடைபட்டது என் பழைய வினை. அது உதிர்ந்தது. நல்லதுதான்."

எனக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லி எழுந்தேன். அவர் விடவில்லை.

"தூசி எல்லார் மேலயும் விழும். ஒடம்புல எண்ணெ இருந்தா ஒட்டும். இல்லாட்டி உதறினா போயிடும்."

"எண்ணெய்னா எது சுவாமி?"

"கோபம், கர்வம், கபடம், ஆசை. நாலு எண்ணெ."

நான்கில் நான் தடவுவது எது என்று அவர் கேட்கவில்லை. என் மகனை விட இரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான். அவர் முன்னால் மறுபடி உட்கார்ந்தேன். "இன்னும் கேளுங்க" என்றார். ஜினாலயத்து மின்விசிறி ரிப்பேர் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அகளங்கன் செய்யாற்றில் வீடு பார்த்துவிட்டான். செப்டம்பர் பத்தொன்பதில் குடி போகிறார்கள். "போக வர சௌகரியம்பா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அனந்தமதி செண்பகத்திடம், "நீயாவது சொல்லேன்டி அவன்கிட்ட" என்றாள். செண்பகம், "அவுக முடிவு அத்தை" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். என்னுடைய எண்ணிக்கை வேறு.

பத்தொன்பதாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஒரு பழியைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போவாள். அதற்கப்புறம் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான்.

இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று முனிவருக்குக் கேசலோசம். தலைமுடியையும் தாடியையும் கையாலேயே பிடுங்கிவிடுவார்கள். கத்தி கிடையாது, கத்திரிக்கோல் கிடையாது. பிடி வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கொத்துக் கொத்தாக. வலியைத் தாங்குகிற பயிற்சி என்று சொல்வார்கள். அழகு மேல் இருக்கிற ஆசையைப் பிடுங்குவது என்றும் சொல்வார்கள். இரண்டாவதைச் சொன்னபோது தரணேந்திரன் என்னைப் பார்த்தாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

பிடுங்கிய முடியைத் தட்டில் ஏந்துவது செயலாளரின் வேலை. ஒன்றேமுக்கால் மணி நேரம் பித்தளைத் தட்டோடு நின்றேன். ஒவ்வொரு கொத்தும் வரும்போது மெல்லிய சத்தம் கேட்கும். தலையில் ஆங்காங்கே ரத்தப் பொட்டு. அவர் முகம் மாறவில்லை. என் முகம் என்ன ஆயிற்றோ, யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் எல்லோரும் அவர் தலையைப் பார்த்தார்கள். செண்பகம் என் தலையைப் பார்த்தாள். வகிட்டில் ஆறு மில்லிமீட்டர் வெள்ளை. காலையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை நகர்த்தி பாக்கெட்டை எடுத்தேன். இன்று சாயம் அடிக்கிற முறை. கிண்ணத்தில் கொட்டினேன். தண்ணீர் ஊற்றவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன்.

வாய் திறக்கத் தைரியம் இல்லாதவனுக்கு இது ஒரு வழி. தலை தானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தினம் கால் மில்லிமீட்டர் வீதம் சொல்லும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஏழு மில்லிமீட்டர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏமாற்றமாக இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பத்து நாள் தசலட்சண விரதம் ஆரம்பம். ஒரு நாளைக்கு ஒரு அறம். இன்று பொறுமை. சொல்வதற்கு இன்னும் பத்து நாள் பொறுத்தால் என்ன என்று அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9

பணிவு. தலைகுனிந்தே இருந்தேன். குனிந்தால் வகிடு நன்றாகத் தெரிகிறது என்று பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் 10

நேர்மை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

வாய்மை. முனிவர் சுரைக்காய் உதாரணம் சொன்னார். காய்ந்த சுரைக்குடுவையில் மண்ணைப் பூசிக் குளத்தில் போட்டால் அடியில் போய்த் தங்கும். மண் கரையக் கரைய மேலே வரும். கடைசி மண்ணும் போனால் யாரும் தூக்காமலேயே நீர்மட்டத்துக்கு வந்துவிடும். உயிரும் அப்படித்தான், வினை எல்லாம் கரைந்த அன்று உலகத்தின் உச்சிக்குப் போய் நிற்கும், அதுதான் வீடுபேறு என்றார்.

என் சுரைக்காய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளந்து பார்க்க முயன்றேன். சங்கிலி போதவில்லை.

செப்டம்பர் 15

வீட்டில் அட்டைப்பெட்டிகள். செண்பகம் பாத்திரங்களைத் தாளில் சுற்றுகிறாள். நீர் வடிகட்டுகிற இரட்டைத் துணியைத் துவைத்து மடித்துத் தன் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். எங்கள் வழியில் பிறந்த என் தங்கை மகள்கள் யாரும் அதைக் கையால் தொட்டதில்லை.

செப்டம்பர் 18, புதன்

இன்று மன்னிப்பு நாள். விரதம் முடிந்த மறுநாள் ஊரில் ஒருவரிடம் ஒருவர், "தெரிந்தோ தெரியாமலோ தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்போம். சின்னவர் பெரியவர் கிடையாது. காலையில் செல்போனில் நூற்றுநாற்பது பேருக்கு ஒரே விரலில் அனுப்பினேன். பட்டியலில் செண்பகமும் இருந்தாள். எல்லோரும் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் மட்டும் அனுப்பவில்லை.

ஜினாலய மண்டபத்தில் செயலாளர் உரை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்தேன். தாளை எடுத்தேன். எதிரே இருநூறு பேர். முன்வரிசையில் முனிவர் கண்ணை மூடியிருந்தார். நான் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, பந்தல் போட்டவருக்கும் மேளக்காரருக்கும் நன்றி சொன்னேன். கைதட்டினார்கள்.

மத்தியானம் வீட்டில் அனந்தமதி இல்லை. செண்பகம் கூடத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"செண்பகம், தெரிஞ்சோ தெரியாமலோ..."

"தெரிஞ்சா, தெரியாமலா மாமா?" என்றாள். கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த முடி..." என்றேன்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். தரையைத் துடைச்சது நான்தான? அடி வெள்ள, நுனி கருப்பு. பிள்ளைகூட சொல்லிரும்."

"அப்புறம் ஏம்மா வாயைத் திறக்கல?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் சொன்னா என்ன ஆகும்? வெளிய இருந்து வந்தவ, மாமனார் தலையில பழியப் போடுதாம்பாக. நீங்க சொன்னாத்தான் மாமா அது சொல்லு. சொல்லுவீகன்னு இருந்தேன்."

நாற்பது நாள். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டை விட்டு, மாலை ஐந்தரைக்கே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, எதிரில் இருக்கிற என் தலையைப் பார்த்துக்கொண்டு, இந்த மனுஷன் இன்றைக்குச் சொல்வார் என்று இருந்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன். இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

லாரி பத்து மணிக்கு. ஆறரைக்கு ஜினாலயத்தில் அபிஷேகம். எல்லோரும் இருந்தார்கள். மைக் இல்லை, அதனால் கத்த வேண்டியிருந்தது.

தீர்மான நோட்டைப் பிரித்து, தீர்மானம் மூன்றைப் படித்தேன். பிறகு சொன்னேன். "ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சுவாமி கையில் வந்த முடியின் நீளம் ஒன்றேகால் அங்குலம். அடியில் கால் அங்குலம் வெள்ளை. போட்டோவுக்காகத் தலைத்துணியைத் தளர்த்தியவன் நான். முடி என்னுடையது. அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்." தலையைக் குனிந்து காட்டினேன்.

அபிஷேகப் பால் சொட்டுகிற சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "அது சாயம்னு எங்களுக்கு எப்பவோ தெரியுமேடா. முடி உன்னுதுன்னுதான் தெரியாது" என்றாள். சிலர் சிரித்தார்கள். தரணேந்திரன் சிரிக்கவில்லை. அவர் கை மெதுவாகத் தன் தலைக்குப் போய்த் திரும்பியது. அந்தக் கறுப்பும் எனக்கு நன்றாகத் தெரிந்த கறுப்புதான்.

முனிவர் மயில்தோகையை உயர்த்தினார்.

தீர்மானத்தை அங்கேயே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதினேன். இந்த முறை கையெழுத்துக் கோணலாக வந்தது.

கதை என்றால் இந்த இடத்தில் லாரி திரும்பிப் போயிருக்கும். போகவில்லை. அகளங்கன் பெட்டிகளை ஏற்றினான். "சொல்லிட்டேனேடா" என்றேன். "சொல்றதுக்கு நாப்பது நாள் ஆச்சேப்பா" என்றான். செண்பகம் கிளம்பும்போது காலில் விழ வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். விழ வேண்டியவன் நான். ஆனால் மருமகள் காலில் விழுகிற அளவுக்கு என் கர்வம் இன்னும் கரையவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 22

அனந்தமதி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணைத் திட்டிய வாயை என்ன செய்வது என்று தெரியாமல் மௌனவிரதம் இருக்கிறாள். இன்று மத்தியானம் பேசினாள். "தலையணை உறை எல்லாம் கருப்பு. பதினோரு வருசமா துவைக்கிறேன். அதையாவது சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள். பிறகு இலையில் பாகற்காய் வறுவல் வைத்தாள். விட்டுவிட்டேனே என்றேன். "அதையும் போய் அடிச்சிட்டு வாங்க" என்றாள்.

செப்டம்பர் 23

மொட்டை அடித்துக்கொண்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். விடியற்காலையில் லட்டு படைத்துத் தீபம் ஏற்றினோம். முனிவர் ஐந்தாம் தேதி கிளம்புகிறார். இந்த நான்கு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு வேளைகூட முழுசாகச் சாப்பிடவில்லை.

செய்யாற்றுக்குப் போன் செய்தேன். எடுத்தது செண்பகம். திங்கட்கிழமை ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டேன். "வாரேன் மாமா. ஆனா ஒண்ணு. நீங்க அடுப்படிக்கு வெளிய நிக்கணும்" என்றாள்.

நவம்பர் 4, திங்கள்

முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தார்கள். செண்பகம் தன் பெட்டியிலிருந்து அதே இரட்டைத் துணியை எடுத்துக் கிணற்றடிக்குப் போனாள். அனந்தமதி பின்னாலேயே போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அனந்தமதி தானே அவளுக்குத் தலைத்துணி கட்டிவிட்டாள்.

வாசலில் நின்றது அகளங்கனும் செண்பகமும். கறிவேப்பிலையை எடுத்துக்கொள் என்று நான் தெருவிலிருந்து ஜாடை காட்டினேன். "சும்மா இருங்க மாமா" என்றாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். எதிர் வாசலில் தரணேந்திரன். அவர் தலையிலும் இப்போது வெள்ளை ஓடுகிறது.

முனிவர் வந்தார். தரணேந்திரன் வாசலைத் தாண்டினார். எங்கள் வாசலைப் பார்த்தார். நின்றார்.

"மனம் சுத்தம், சொல் சுத்தம், உடல் சுத்தம்" என்று செண்பகம் கோவில்பட்டி ராகத்தில் சொன்னாள். இந்த வீட்டு வாசலில் அது பொய்யில்லாமல் சொல்லப்பட்டது இன்றைக்குத்தான்.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மொட்டைத் தலையில் ஒன்றரை மாத முடி, மொத்தமும் வெள்ளை. அதன் மேல் துண்டை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். வெளியில்தான் நிற்கிறேன், இருந்தாலும். முதல் பிடி செண்பகம் வைத்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது பிடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முனிவர் கையைப் பார்த்தார். வாயில் வைத்தார். நான்கு. ஐந்து. பன்னிரண்டு. இருபது. முப்பத்திரண்டு பிடிதான் அவர்களுக்கு உச்ச அளவு. முப்பத்தொன்றில் போதும் என்றார். தண்ணீர் குடித்தார். கை கழுவினார்.

செண்பகம் ஜன்னலுக்கு வந்தாள். "சாப்பிட்டாக மாமா" என்றாள். அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர், அதுவும் வடிகட்டாத தண்ணீர்.

"காபி குடிக்கீகளா?" என்று கேட்டாள்.

குடிக்கிறேன் என்றேன். அவர்கள் திரும்புகிற நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.